சொட்டுகிறது என்று சொன்னேன்

இப்போது நம் கம்பெனியில் எந்தப் பம்பும் சொட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மெக்கானிக்கல் சீல் வந்துவிட்டது. டெஸ்டிங் பிரிவுத் தரை காய்ந்து கிடக்கிறது, செருப்பு நனையாமல் நடக்கலாம் என்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆண்டு மலருக்காக, பழைய கிளாண்ட் பேக்கிங் காலத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி அங்கிருக்கும் பிள்ளைகள் கேட்டார்கள். படகு செய்தோமே, அதைப் பற்றியும் எழுதுங்கள், சுவையாக இருக்கும் என்றார்கள். படகைப் பற்றி எழுதினால் சுவையாக இருக்காது. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

என் பெயர் பொன்னுத்தாய். பம்புக்குள்ளே சுற்றும் சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர். அதை அரம் போட்டு வழித்து, எடை சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். அதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எல்லாரும் செய்த வேலை அது. விரல் பழகியிருந்ததால் அரம் சீக்கிரம் படிந்தது. இரண்டு கத்திமுனைகளின் மேல், இம்பெல்லரைக் கோத்த இரும்புத் தண்டைப் படுக்கவைத்து, லேசாகத் தட்டிவிட வேண்டும். கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். அந்த இடத்தில் கொஞ்சம் வழிக்க வேண்டும். எங்கே தட்டிவிட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கும்வரை விடக்கூடாது. ஆறேழு வருஷம் அதுதான் செய்தேன். பிறகு டெஸ்டிங்குக்கு மாற்றினார்கள். ஆண்கள் நிறைந்த இடத்தில் ஒரு பொம்பளை என்ன செய்வாள் என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களில் இரண்டு பேர் பின்னால் என்னிடமே வந்து ரீடிங் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

டெஸ்டிங்குக்கு ஃபோர்மேன் சங்கரலிங்கம் அண்ணாச்சி. அதிகம் பேசமாட்டார். ஓடும் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். டாக்டர் நாடி பார்க்கிறார் என்று கேலி பேசுவோம். கையை எடுத்ததும் ஒரே வார்த்தை சொல்லுவார். "சரி" அல்லது "கழட்டு". கழற்றச் சொன்னால் உள்ளே ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். செய்தவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அந்த வேலையைத் தானே முதலிலிருந்து செய்வார். திட்டு வாங்குவதே மேல் என்று தோன்றிவிடும்.

கிளாண்ட் விஷயத்தில்தான் அவர் ரொம்பக் கறார். தண்டு பம்புக்குள் நுழைகிற இடத்தில் கிராஃபைட் தடவிய பருத்திக் கயிற்றை வளையம் வளையமாக வெட்டி அடைப்போம். அதுதான் பேக்கிங். அதன் மேல் கிளாண்ட் என்கிற தகட்டை வைத்து இரண்டு நட்டுகளால் அழுத்த வேண்டும். முழுக்க அழுத்தினால் கயிறு தண்டைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்து கருகும். அதனால் கொஞ்சம் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் தண்டைக் குளிர வைக்கிறது. நட்டை விரலால் முடிந்த மட்டும் திருக வேண்டும், அதற்கு மேல் ஸ்பேனரில் ஒரே ஒரு முகம். நட்டுக்கு ஆறு முகம் உண்டல்லவா, அதில் ஒன்று. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ண வேண்டும். நிமிஷத்துக்கு ஐம்பது அறுபது விழுந்தால் சரி. "சொட்டுதா?" என்று அண்ணாச்சி தூரத்திலிருந்தே கேட்பார். "சொட்டுது அண்ணாச்சி" என்று நாங்கள் கத்துவோம். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இது நடக்கும்.

சுனாமி வந்த மறு வருஷம் எல்லாரும் மீட்புப் படகு தேடினார்கள். தள்ளுகிற விசிறி வெளியில் இல்லாத படகு வேண்டும் என்று கடலூர்ப் பக்கம் ஒரு அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். விசிறி இருந்தால் தண்ணீரில் கிடக்கும் ஆளை வெட்டிவிடும். ஆழமில்லாத இடத்தில் தரை தட்டும். தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடிக்கிற ஜெட் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் முதலாளி அவர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "இது பம்புதான, சங்கரலிங்கம்? நம்ம பம்பு தண்ணிய மேல தள்ளுது, இது தண்ணியப் பின்னால தள்ளுது. அம்புட்டுத்தான?" என்றார். கடல் பார்க்காத விருதுநகரில் படகு செய்ய ஆரம்பித்த கதை இதுதான்.

நிபந்தனை ஒன்றுதான். படகைக் கரையில் கட்டிவைத்து முழு வேகத்தில் ஓட்டினால், அது கயிற்றை நூற்றைம்பது கிலோ எடைக்கு இழுக்க வேண்டும். இழுவையை அளக்க எங்களிடம் கருவி இல்லை. மிளகாய் மண்டியில் மூட்டை நிறுக்கும் தொங்கு தராசை இரவல் வாங்கி வந்து, கம்பெனித் தொட்டியின் ஓரத்தில் கயிற்றுக்கு நடுவே மாட்டினோம். முதல் நாள் முள் எண்பத்தைந்தில் நின்றுவிட்டது. தராசிலிருந்து வந்த நெடியில் தும்மியதுதான் மிச்சம்.

படகு ஓட்டியவர் முத்துராசு. விஸ்வநத்தத்துக்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அதற்கு முன் பட்டாசு ஆலையில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு விபத்தில் கழுத்தும் கையும் வெந்து, ஆறி, தோல் சுருங்கிப் போயிருந்தது. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைப் பட்டன் போட்டுத்தான் இருப்பார். கண்மாயில் வளர்ந்தவர், நன்றாக நீந்துவார். அதனால் முதலாளி சேர்த்துக்கொண்டார். படகு தேறினால் வாங்குகிற இடத்திலேயே ஓட்டுநராக எடுத்துக்கொள்வார்கள், மாதச் சம்பளம், குடியிருக்க வீடு. அவர் மனைவி மாரீஸ்வரி அப்போதும் பட்டாசு ஆலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அவளை அங்கிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவருக்கு நினைப்பு. காலையில் அவள் லோடு வேனில் ஏறிப் போனால், சாயங்காலம் திரும்பும்வரை அவருக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு டெஸ்டு முடிந்ததும் என்னிடம்தான் ஓடி வருவார்.

"எம்புட்டுக்கா வந்திருக்கு?"

"தொண்ணூத்தி ரெண்டு."

"இன்னும் அம்பத்தெட்டு" என்பார். கணக்கு அவர் நாக்கு நுனியிலேயே இருக்கும்.

விபத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார். டீ குடிக்கும்போது சொன்னார். "எங்க ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும்க்கா. உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேட்டா எதையும் திரும்பிப் பாக்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது, ஓடிரணும். அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாக. நானும் ஓடிட்டேன். பக்கத்துல ஒரு சித்தி இருந்தா. ஒரு எட்டு திரும்பி அவ கையப் புடிச்சு இழுத்திருக்கலாம்." பிறகு கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் போவதற்குள் நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

இழுவையைக் கூட்ட நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன், மலருக்கு இதாவது உதவும். முதலில் பின்னால் இருக்கும் நாசிலின் வாயைச் சிறிதாக்கினோம். தண்ணீர் சீறிக்கொண்டு தொட்டியின் மறு சுவரில் போய் அடித்தது. எல்லாரும் கை தட்டினோம். தராசைப் பார்த்தால் முள் கீழே இறங்கியிருக்கிறது. அண்ணாச்சிக்கே புரியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, நாசில் வாயைக் கடைசலில் பெரிதாக்கச் சொன்னார். சீற்றம் குறைந்து தண்ணீர் சோம்பலாகக் கொப்பளித்தது. முள் நூற்றுப் பத்துக்கு ஏறியது. நின்றிருக்கும் படகைத் தள்ளுவதற்குக் கொஞ்சம் தண்ணீரை வேகமாக விரட்டுவதைவிட நிறையத் தண்ணீரை நிதானமாகத் தள்ளுவது நல்லது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சத்தத்தையும் சீற்றத்தையும் பார்த்து மயங்குகிற ஊர் எங்களுடையது, அதனால் கற்றுக்கொள்ள நாளானது.

அடுத்து இம்பெல்லருக்கும் சுற்றுச் சுவருக்கும் இடையே இருந்த இடைவெளியைக் குறைத்தோம். தண்ணீர் ஏறும் வளைவின் உட்புறம் வார்ப்பு சொரசொரவென்று இருந்தது. கை நுழைகிற மட்டும் விட்டு நானே நான்கு நாள் எமரித் தாள் போட்டுத் தேய்த்தேன். நூற்று முப்பத்தெட்டு. அதற்கு மேல் அசையவில்லை. முழு வேகத்தில் முள் துள்ளிக்கொண்டே இருந்தது. உள்ளே யாரோ புளியங்கொட்டையை உலுக்குகிற மாதிரி சத்தம். காற்று புகுகிறது என்று எனக்குச் சந்தேகம். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கிளாண்ட் பக்கத்தில் பிடித்தேன். மேலே போன புகை அப்படியே திரும்பிக் கிளாண்டுக்குள் போனது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு நாள்தான். "நல்ல கண்ணு தாயி" என்றார்.

அதற்கு வழியும் அவர் சொன்னார். தண்ணீர் வெளியேறுகிற பக்கத்தில் அழுத்தம் உண்டு. அங்கிருந்து ஒரு சின்னக் குழாய் எடுத்து, பேக்கிங்குக்கு நடுவே ஒரு பித்தளை வளையம் வைத்து, கிளாண்டுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டால் காற்றும் உள்ளே புகாது, தண்டும் சூடாகாது. வளையம் கடைந்து துளை போட மூன்று நாளாவது வேண்டும். ஆனால் படகைச் சோதித்துப் பார்க்க அந்த அலுவலகத்து அதிகாரிகள் மறுநாளே வருகிறார்கள்.

"நூத்தி முப்பத்தெட்டுன்னு உள்ளதச் சொல்லுவோம். ஒரு வாரம் டைம் கேப்போம்" என்றார் அண்ணாச்சி.

"குடுக்க மாட்டாக. கடக்கரையில இன்னொரு கம்பெனி ரெடியா நிக்கான்" என்றார் முதலாளி.

முத்துராசு கேட்டுக்கொண்டு நின்றார். சாயங்காலம் சைக்கிளை எடுக்கும்போது, "கடலூருப் பக்கம் வீடு பாத்து வச்சிருக்கேன்னு அவகிட்டச் சொல்லிட்டேன்க்கா" என்றார். சிரிக்கப் பார்த்தார்.

மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் நான் போனேன். படகு வண்டியில் ஏற்றித் தயாராக இருந்தது. ஸ்பேனரை எடுத்து, காற்று புகாதபடி கிளாண்ட் நட்டில் ஒரு முகம் கூடத் திருகினேன். பிறகு இன்னொன்று. இரண்டு நட்டிலும் அப்படியே. யாரும் செய்யச் சொல்லவில்லை. ஒரு மணி நேர வேலைதானே, பேக்கிங் தாங்கிவிடும், முடிந்ததும் தளர்த்திவிடலாம் என்று நினைத்தேன். பம்பு வேலை தெரிந்த எவரும் நினைக்கக் கூடாத நினைப்பு அது. அண்ணாச்சியைவிட எனக்கு அதிகம் தெரிந்துவிட்ட மாதிரி அன்றைக்கு ஒரு திமிர்.

சோதனைக்குப் பிடித்திருந்தது ஊருக்குத் தெற்கே ஒரு கண்மாய். ஐப்பசி மழையில் நிறைந்திருந்தது. நடுவில் ஆழம். கிழக்குப் பக்கம் வறண்ட காலத்தில் வளர்ந்த சீமைக்கருவேலம் முழுகிக் கிடந்தது. அங்கங்கே நுனி மட்டும் தெரிந்தது. கரையில் ஒரு புளியமரத்தில் கயிறு கட்டித் தராசை மாட்டினார்கள். முத்துராசு எஞ்சினை எழுப்பினார். நான் கிளாண்ட் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவான ஓட்டத்தில் சொட்டு விழ வேண்டும். விழவில்லை.

தராசுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணாச்சி கரையிலிருந்து கேட்டார். "சொட்டுதா?"

"சொட்டுது அண்ணாச்சி" என்றேன்.

முழு வேகம். முள் துள்ளாமல் ஏறி நூற்று ஐம்பத்திரண்டில் நின்றது. கரையில் எல்லாரும் கத்தினார்கள். முத்துராசு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது என்னால் வந்தது என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அடுத்து கயிற்றை அவிழ்த்து ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். மிதவைச் சட்டை இரண்டுதான் வந்திருந்தது. ஒன்றை, அடுத்த சுற்றில் ஏறப்போகும் அதிகாரி முன்னதாகவே போட்டுக்கொண்டு கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொன்றை முத்துராசு எனக்கு மாட்டிவிட்டார். "உங்களுக்குத்தான நீச்சத் தெரியாது" என்றார். கிளாண்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்ததால் நான் இறங்க முடியாது.

கண்மாய் நடுவுக்குப் போனபோது கிளாண்டிலிருந்து நூல் மாதிரி புகை வந்தது. கருகல் வாடை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை, "முத்துராசு, பேக்கிங் சூடாயிருச்சு, நிறுத்துங்க" என்று சொன்னால் போதும். எஞ்சின் நின்றிருக்கும், துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்திருப்போம். ஏன் சூடானது என்று அண்ணாச்சி கேட்பார். நூற்று ஐம்பத்திரண்டு பொய்யாகிவிடும். நான் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, புகை அவருக்குத் தெரியாதபடி திரும்பி உட்கார்ந்தேன். இன்னும் பாதிச் சுற்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

படகின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. திருப்பத்தில் படகு சாய்ந்தபோது அந்தத் தண்ணீர் பழுக்கக் காய்ந்திருந்த கிளாண்டின் மேல் அடித்தது. "உஸ்ஸ்" என்று ஆவி கிளம்பியது.

முத்துராசு திரும்பிப் பார்க்கவில்லை. படகைத் திருப்பும் சக்கரத்தை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் என் வளையல் உடைந்தது. "ஓடுங்கக்கா!" என்று கத்தினார். தண்ணீருக்கு நடுவில் ஓடுங்கள் என்றார். என்னைத் தூக்கி ஆழமான பக்கம் தள்ளிவிட்டு, அவர் மறுபக்கம் குதித்தார். அது கருவேலம் முழுகிக் கிடந்த பக்கம்.

நான் மிதந்தேன். ஆளில்லாத படகு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் இழுவையில் ஒரு குறையும் இல்லை. நீந்தி வந்த ஆட்களை அது கிட்டே நெருங்க விடவில்லை. பிறகு முள்ளில் ஏறிச் சிக்கி நின்றது. முத்துராசுவின் முழுக்கைச் சட்டை, அந்தப் பட்டன் போட்ட சட்டை, கிளைகளுக்குள் மாட்டியிருந்தது. அரிவாளால் கிளையை வெட்டித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். கழுத்துப் பட்டனை நானே அவிழ்த்தேன். நேரம் கடந்துவிட்டது.

மறுநாள் அண்ணாச்சி கிளாண்டைக் கழற்றினார். நான் பக்கத்தில் நின்றேன். பேக்கிங் கரியாக உதிர்ந்தது. நட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தன முகம்?"

"ரெண்டு அண்ணாச்சி. ஒண்ணுக்கு மேல ரெண்டு."

அவர் புது பேக்கிங்கை எடுத்து வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொன்றாக அடைத்து, விரலால் நட்டைத் திருகி, ஸ்பேனரில் ஒரு முகம் வைத்து முடித்தார். அந்தப் படகு இனி ஓடப்போவதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார். முதலாளியிடம் பேக்கிங் சரக்கு மட்டம் என்று சொன்னார். கம்பெனி, ஓட்டுநர் தவறி விழுந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தது. அண்ணாச்சி இப்படி என்னைக் காப்பாற்றியது எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் அவர் "சொட்டுதா?" என்று கேட்டதே இல்லை. தானே வந்து பார்த்துக்கொள்வார்.

காரியம் முடிந்த மறு வாரம் விஸ்வநத்தம் போனேன். மாரீஸ்வரி வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையெல்லாம் மருந்தின் வெள்ளிப்பொடி. ஆர்டர் நிறைய இருக்கிறது, லீவு போட்டால் எடுத்துவிடுவார்கள் என்றாள். உட்காரப் பாய் விரித்தாள்.

"வாங்கக்கா. சாப்பிட்டீகளா?"

தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"நீச்சத் தெரிஞ்ச மனுசன் தவறி விழுந்து செத்தாருன்னு சொல்றாக. நீங்க கூட இருந்தீகள்ல. என்ன நடந்துச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். நட்டைத் திருகியது, பொய் சொன்னது, புகை, சத்தம், என் கையைப் பிடித்தது, "ஓடுங்கக்கா" என்றது. அவள் அழவில்லை. கைப்பொடியைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஆலையில் விட்டுவிட்டு வந்த அந்தச் சித்தியைப் பற்றி அவளுக்கும் தெரியும். உறக்கத்தில் சித்தி பேரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்றாள்.

"அது வெடிக்குமாக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி வந்தது. அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

"வெடிக்காதும்மா. கொஞ்ச நேரம் புகைஞ்சிட்டு நின்னுருக்கும்."

"வெடிக்காதுன்னு அவருக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்லக்கா? ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

நான் பாயைவிட்டு எழுந்தேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன்.